டிஸ்க்கின் கண்ட்ரோலர் குடிபெயர்ந்த கதை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. பிறகு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இல்லை. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றோ இரண்டோ, கேசட் டேப் ரிக்கார்டரை இணைக்க ஒரு துளை, ஐந்து ஸ்லாட்டுகள். 5150 என்ற மாடல் எண் கொண்ட அந்தப் பெட்டிக்குள் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவர அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் பட்ட பாடு பெரியது. இன்று நாம் எதையும் யோசிக்காமல் ஒரு எஸ்எஸ்டியைச் செருகி வேலையைத் தொடங்குகிறோம் என்றால், அந்தப் பாட்டின் பலன்தான் அது.

ஹார்டு டிஸ்க் என்ற பொருள் அப்போதே சந்தையில் இருந்தது. ஆலன் ஷுகார்ட், ஃபினிஸ் கானர் முதலியோர் 1979-ல் தொடங்கிய ஷுகார்ட் டெக்னாலஜி, கலிஃபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியிலிருந்து 1980-ல் எஸ்டி-506 என்ற ஐந்தேகால் அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைட். அடுத்த ஆண்டே 10 மெகாபைட் எஸ்டி-412 வந்துவிட்டது. நிறுவனமும் சீகேட் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த டிஸ்க்கை இன்றைய டிஸ்க்கோடு சேர்த்து நினைத்துவிடக் கூடாது. எஸ்டி-412-க்குக் கோப்பு தெரியாது, பைட் தெரியாது, செக்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரியாது. தட்டைச் சுழற்றும், சொன்ன பக்கம் ஹெட்டை ஒரு படி நகர்த்தும், காந்தப் பரப்பிலிருந்து எழும் துடிப்புகளை அப்படியே கம்பி வழியே அனுப்பும். அந்தத் துடிப்புகளை 0, 1 என்று பிரித்துப் படிப்பதும், செக்டருக்கு எல்லை போடுவதும், பிழை இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் ஸ்லாட்டில் செருகிய கண்ட்ரோலர் கார்டின் வேலை. இன்று ஹார்டு டிஸ்க் என்று நாம் சொல்லும் பொருளில் பாதிதான் அன்று டிஸ்க்கின் உலோகப் பெட்டிக்குள் இருந்தது. மறுபாதி கார்டில். இணக்கச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பிரிவினைதான்.

5150-ல் மூன்று தடைகள் நின்றன. முதலாவது மின்சாரம். அதன் பவர் சப்ளை 63.5 வாட். 12 வோல்ட் தடத்தில் கிடைத்தது 2 ஆம்பியர் மட்டுமே. நின்றிருக்கும் தட்டுகளைச் சுழற்றத் தொடங்கும்போது ஒரு ஹார்டு டிஸ்க் அதைவிட இரண்டு மடங்கு இழுக்கும். இரண்டாவது தடை டாஸ். முதல் டாஸில் துணை டைரக்டரி என்பதே இல்லை. பத்து மெகாபைட்டில் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் போட்டால் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

மூன்றாவது தடைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு கார்டில் ரோம் சில்லு வைத்து, அதற்குள் அந்தக் கார்டை இயக்கும் நிரலை எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, பலகையின் ரோமில் இருக்கும் தொடக்க நிரலான பயோஸ் அதைத் தேடிப் பிடித்து ஓட்டும். டிஸ்க்கைப் பற்றி ஐபிஎம்முக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கார்டே சொல்லிக்கொடுத்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் 1981 ஏப்ரல் 24, அக்டோபர் 19 ஆகிய தேதிகளைத் தாங்கிய முதல் இரண்டு பயோஸ்களும் கார்டுகளின் ரோம் இருக்கும் முகவரிகளில் தேடிப் பார்ப்பதே இல்லை. கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும், டிஸ்க் சுழலும், கம்ப்யூட்டருக்கு இரண்டுமே தெரியாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயோஸில்தான் இந்தத் தேடல் சேர்ந்தது. பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் பலகையிலிருந்த ரோம் சில்லைக் கழற்றி, புதியதை மாட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரின் ஆன்மா என்று சொல்லத்தக்க சில்லை, வீட்டு மேசையில் வைத்து மாற்றிய மனிதர்கள் அவர்கள்.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. 4,995 டாலர் விலை. 130 வாட் பவர் சப்ளை, எட்டு ஸ்லாட்டுகள், துணை டைரக்டரி தெரிந்த டாஸ் 2.0, ஒரு 10 மெகாபைட் டிஸ்க், அதை ஆள ஜெபெக் நிறுவனம் செய்த கண்ட்ரோலர் கார்டு. மூன்று தடைகளும் ஒரே பெட்டியில் நீங்கியிருந்தன. இந்தக் கார்டு தன் ரோமை சி8000 என்ற முகவரியில் வைத்தது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கார்டுகள் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டன.

தடைகள் நீங்கினாலும் எந்த டிஸ்க் எந்தக் கார்டோடு சேரும் என்ற கேள்வி நீங்கவில்லை. ஐபிஎம்மின் கார்டுக்கு நான்கு வகை டிஸ்க்குகள்தான் தெரியும். எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட் என்பது ரோமுக்குள் ஒரு சிறு அட்டவணையாக எழுதப்பட்டிருந்தது. உங்கள் டிஸ்க் அதில் இல்லையென்றால் வேறு கார்டு தேட வேண்டும். கேபிள்களும் அப்படியே. 34 பின் கொண்ட அகலமான ரிப்பன் கேபிள் ஒன்று கட்டளைகளுக்கு, 20 பின் கொண்ட மெல்லியது தரவுக்கு. ஃப்ளாப்பிக்கும் 34 பின் கேபிள்தான். இரண்டிலும் நடுவே சில கம்பிகள் முறுக்கித் திருப்பப்பட்டிருக்கும். ஆனால் முறுக்கு விழுந்த இடம் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கேபிளை மாற்றிச் செருகிவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று நம்பியவர்கள் ஏராளம். இரண்டாவது டிஸ்க் சேர்த்தால், கேபிளின் கடைசியில் இருப்பதில் மட்டும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் இருப்பதில் அதைப் பிடுங்கிவிட வேண்டும். எண்ணைக் குறிக்கும் ஜம்பரும் சரியாக இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் திரையில் தெரிவது ஒரே எண்: 1701.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, தட்டில் செக்டர் எல்லைகளை எழுதும் லோ லெவல் ஃபார்மட். அதை அனுபவித்தவர்களுக்கு ஒரு கட்டளை இன்றும் மனப்பாடமாக இருக்கும். டாஸில் டீபக் நிரலைத் திறந்து ‘ஜி=சி800:5’ என்று அடிக்க வேண்டும். கார்டின் ரோமுக்குள் ஐந்தாவது பைட்டில் ஒளிந்திருக்கும் ஃபார்மட் நிரலுக்கு நேராகத் தாவு என்பது அதன் பொருள். எல்லாக் கார்டுகளும் 5-ல் வைக்கவில்லை. சிலவற்றில் 6, அடாப்டெக் கார்டுகளில் ‘சிசிசி’. கார்டோடு வந்த தாள் தொலைந்துபோனால் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

அந்த நிரல் கேள்விகள் கேட்கும். சிலிண்டர் எத்தனை? ஹெட் எத்தனை? எந்தச் சிலிண்டரிலிருந்து எழுதும் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும்? கெட்டுப்போன டிராக்குகள் எவை? கடைசிக் கேள்விக்குப் பதில் டிஸ்க்கின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் சோதித்தபோது பழுதாகத் தெரிந்த இடங்களை ஒரு சீட்டில் அச்சிட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நாம் தட்டச்சு செய்ய வேண்டும். புத்தம்புதுப் பொருள் தன் குறைகளின் பட்டியலைத் தானே சுமந்துவந்த காலம் அது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இன்றைய டிஸ்க்கிலும் எஸ்எஸ்டியிலும் பழுதான இடங்கள் உண்டு, ஆனால் உள்ளேயே மறைத்து, மாற்று இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் அன்று தெரிந்தது.

அடுத்து இன்டர்லீவ். டிஸ்க் நிமிடத்துக்கு 3,600 முறை, அதாவது நொடிக்கு 60 முறை சுற்றியது. ஒரு டிராக்கில் 17 செக்டர்கள், ஒவ்வொன்றிலும் 512 பைட். ஒரு செக்டரைப் படித்து அதைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து முடிப்பதற்குள் அடுத்த செக்டர் ஹெட்டைக் கடந்துவிடும். ராட்டினத்தில் நமக்கான இருக்கை கடந்துபோனால் அது முழுச் சுற்று சுற்றி வரும்வரை நிற்க வேண்டியதுபோல, கண்ட்ரோலரும் காத்து நிற்கும். அதனால் செக்டர் எண்களை வரிசையாக எழுதாமல் இடைவெளி விட்டு எழுதினார்கள். எக்ஸ்டியில் ஆறுக்கு ஒன்று. அதன்படி நொடிக்கு அதிகபட்சம் 87 கிலோபைட் கிடைத்தது. பேராசைப்பட்டு, கார்டின் வேகம் தாங்காத நெருக்கத்தில் எழுதினால், ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு சுற்று வீணாகி நொடிக்கு 30 கிலோபைட்டாகச் சரிந்துவிடும். சரியான எண் டிஸ்க்கையும் கார்டையும் கம்ப்யூட்டரின் வேகத்தையும் சேர்த்துப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க ஃபார்மட் செய்து, அளந்து, மறுபடி ஃபார்மட் செய்து பார்ப்பதைத் தவிர வழியில்லாமல் இருந்தது. தரவை அழிக்காமலே இன்டர்லீவை மாற்றித் தரும் ஸ்பின்ரைட் நிரலை 1980களின் பிற்பகுதியில் ஸ்டீவ் கிப்சன் எழுதியபோது அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுதான் காரணம்.

ஒரு கார்டில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வேறு நிறுவனத்தின் கார்டில் மாட்டினால் பெரும்பாலும் படிக்காது. செக்டருக்கு முன்னால் எழுதும் தலைப்பு, பிழை திருத்தக் குறியீடு இரண்டும் கார்டுக்குக் கார்டு வேறுபட்டன. கார்டு எரிந்துபோனால், டிஸ்க்கில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் தரவு கைக்கு எட்டாது. அதே மாடல் கார்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். பின்னர் ஆர்எல்எல் என்ற குறியீட்டு முறை வந்து, டிராக்குக்கு 17 செக்டர் இருந்த இடத்தில் 26 செக்டரை நுழைத்தது. கார்டை மாற்றினால் போதும், ஒன்றரை மடங்கு இடம். பலர் 20 மெகாபைட் எஸ்டி-225-ல் அதை முயன்றார்கள். அந்த வேகத்துக்கென்று சோதிக்கப்பட்ட எஸ்டி-238ஆர் தனியாக விற்கப்பட்டது. சோதிக்கப்படாத டிஸ்க்கில் செய்தவர்களில் சிலர் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குக் கோப்புகள் சில மாதங்களில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

1984-ல் வந்த பிசி ஏடி ஒரு படி முன்னே போனது. டிஸ்க் வகைகளின் அட்டவணை கார்டிலிருந்து கம்ப்யூட்டரின் பயோஸுக்கே வந்தது. முதலில் 14 வகைகள். உங்கள் டிஸ்க் எந்த எண் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பேட்டரியில் ஓடும் சிமாஸ் சில்லு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத டிஸ்க் என்றால், அதைவிடச் சிறிய வகையைக் குறித்துவிட்டு மிச்ச இடத்தைக் கைவிட வேண்டும். அல்லது ஆன்ட்ராக்கின் டிஸ்க் மேனேஜர் போன்ற நிரலை நாட வேண்டும். விவரத்தை நாமே எழுதிக்கொள்ளும் ‘வகை 47’ பின்னாளில் வேறு பயோஸ் நிறுவனங்கள் தந்த வரம். ஏடியின் கண்ட்ரோலரை வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்தது. அதன் பதிவேடுகள் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரையுள்ள முகவரிகளில் இருந்தன. இந்த எட்டு முகவரிகளின் ஆயுள் அதை வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்க முடியாத அளவு நீண்டது.

ஏனென்றால் 1986 வாக்கில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கண்ட்ரோல் டேட்டா மூன்றும் சேர்ந்து, அந்தக் கண்ட்ரோலரை அப்படியே எடுத்து டிஸ்க்கின் அடிவயிற்றில் ஒட்டிவிட்டன. அதுதான் ஐடிஇ. பிரிந்திருந்த இரண்டு பாதிகளும் ஒன்று சேர்ந்தன. கம்ப்யூட்டருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே முகவரிகளில் அதே கண்ட்ரோலரோடு பேசுவதாகவே அது நினைத்துக்கொண்டது.

இந்த இடமாற்றத்தை நான் பெர்சனல் கம்ப்யூட்டர் வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். புராசஸர்களைப் பற்றி எழுதிக் குவித்த அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கார்டும் டிஸ்க்கும் ஒரே தொழிற்சாலையில் பிறந்ததால், இன்டர்லீவ் தொல்லை போனது, லோ லெவல் ஃபார்மட் தொழிற்சாலையோடு முடிந்தது, பழுதுப் பட்டியலை நாம் அடிக்க வேண்டியதில்லை. இவை வசதிகள். அதைவிடப் பெரியது வேறொன்று. தட்டின் வெளிவட்டம் உள்வட்டத்தைவிட நீளமானது. வெளியே இருக்கும் டிராக்கில் அதிக செக்டர்களை எழுத முடியும். ஆனால் எந்த டிராக்கிலும் 17 என்று எதிர்பார்த்த வெளிக் கார்டு அதற்கு இடம் தரவில்லை. கண்ட்ரோலர் உள்ளே வந்ததும் அந்தக் கட்டு அறுந்தது. டிஸ்க் தன் உண்மையான அமைப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கேட்ட வடிவத்தில் ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்லத் தொடங்கியது. இரண்டே தட்டு உள்ள டிஸ்க் பதினாறு ஹெட் இருப்பதாகச் சொல்லும். அந்தப் பொய்யின் மேல்தான் கொள்ளளவு வளர்ந்தது.

ஆரம்பத்தில் ஐடிஇயிலும் சண்டை இருந்தது. எக்ஸ்டிக்கான எட்டு பிட் ஐடிஇயும் ஏடிக்கான பதினாறு பிட் ஐடிஇயும் ஒரே 40 பின் கனெக்டரில் வந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒரு நிறுவனத்தின் டிஸ்க் மாஸ்டராக இருந்தால் மற்றொன்றின் டிஸ்க் ஸ்லேவாக இருக்க மறுக்கும். 1994-ல் ஏடிஏ என்ற பெயரில் அமெரிக்கத் தர நிர்ணயம் வந்த பிறகுதான் நிலைமை படிப்படியாகச் சீரானது. ‘நீ யார்?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் டிஸ்க் தன் மாடலையும் அளவையும் சொல்லும் கட்டளை எங்கும் பரவியது.

பழைய எண்கள் மட்டும் விடாமல் துரத்தின. பயோஸ் சிலிண்டருக்கு 10 பிட் ஒதுக்கியிருந்தது, ஏடிஏ ஹெட்டுக்கு 4 பிட். இரண்டிலும் சிறியதை எடுத்துப் பெருக்கினால் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்: 528 மெகாபைட். 1990களின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கியவர்கள் இந்தச் சுவரில் மோதினார்கள். அதைத் தாண்டியதும் 8.4 ஜிகாபைட்டில் ஒரு சுவர், பிறகு 137 ஜிகாபைட்டில், பிறகு பழைய பார்ட்டிஷன் அட்டவணையால் 2.2 டெராபைட்டில். ஒவ்வொரு முறையும் ‘இவ்வளவு போதும்’ என்று யாரோ ஒதுக்கிய சில பிட்டுகள்தான் காரணம்.

இன்று? ஏடிஏவின் வாரிசாகச் சாட்டா வந்து ஜம்பரை ஒழித்தது. 2011-ல் என்விஎம்இ-யின் முதல் வரையறை வெளியாகி, சுழலும் தட்டுக்காக எழுதிய கட்டளைகளையே ஓரம் கட்டியது. எம்.2 ஸ்லாட்டில் செருகும் ஒரு எஸ்எஸ்டி நொடிக்குச் சில ஜிகாபைட் படிக்கிறது. எக்ஸ்டியின் 87 கிலோபைட்டை நினைத்துப் பார்த்தால் பல்லாயிரம் மடங்கு.

பழைய சிக்கல்கள் அடையாளம் மாறித் திரும்பியும் வந்திருக்கின்றன. எம்.2 ஸ்லாட்டில் உட்காரும் எஸ்எஸ்டி சாட்டா மொழி பேசுவதாகவும் இருக்கலாம், என்விஎம்இ மொழி பேசுவதாகவும் இருக்கலாம். உட்கார்ந்துவிட்டது என்பதால் பேசும் என்று அர்த்தமில்லை. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் பலவற்றில், விஎம்டி என்ற வசதி இயங்கும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் எந்த டிஸ்க்கும் இல்லை என்று சொல்லும். டிரைவரைத் தனியே ஏற்றிய பிறகே டிஸ்க் தெரியும். என்விஎம்இ வருவதற்கு முன் செய்த மதர்போர்டுகளின் பயோஸுக்கு அத்தகைய எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யத் தெரியாது. 2015-ல் வந்த சாம்சங் 950 புரோ தன்னுள்ளேயே ஒரு ரோமை வைத்துக்கொண்டு, பழைய பயோஸுக்குத் தானே வழிகாட்டியது. 1982 அக்டோபர் பயோஸில் சேர்ந்த அதே தேடல், 33 ஆண்டுகள் கழித்தும் கைகொடுத்தது.

என்னை யோசிக்க வைப்பது ஆப்பிள் போகும் பாதை. 2022-ல் வந்த மேக் ஸ்டுடியோவில் கழற்றி மாட்டத்தக்க ஃப்ளாஷ் பலகை இருக்கிறது. எஸ்எஸ்டி போலவே தோன்றும். ஆனால் அதில் கண்ட்ரோலர் இல்லை. கண்ட்ரோலர் ஆப்பிளின் முதன்மைச் சில்லுக்குள் இருக்கிறது, தரவும் அந்தச் சில்லோடு பிணைந்து என்கிரிப்ட் செய்யப்படுகிறது. பலகையைக் கழற்றி இன்னொரு மேக்கில் மாட்டினால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அழித்து, மீட்டமைத்துத்தான் பயன்படுத்தலாம். நினைவகம் ஒரு பக்கம், அதைப் புரிந்துகொள்ளும் மூளை மறுபக்கம் என்று 1983-ல் இருந்த பிரிவினை மறுபடி வந்துவிட்டது. அன்று அது தொழில்நுட்பத்தின் இயலாமை, இன்று பாதுகாப்புக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு. கம்ப்யூட்டர் திருடன் கையில் சிக்கினால் இது நல்லது. மதர்போர்டு கெட்டுப்போனால், வேறு இடத்தில் பிரதி இல்லாதவருக்கு எதுவும் மிஞ்சாது. பயன்படுத்துபவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது என்பதுதான் என் கவலை.

பழைய பக்கத்திலும் இன்று உற்சாகமான வேலை நடக்கிறது. ஆர்வலர்கள் எக்ஸ்டி-ஐடிஇ என்ற கார்டை வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் பயோஸையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டைச் செருகினால், சத்தமே இல்லாத ஹார்டு டிஸ்க்கோடு நாற்பது வயதுப் பெட்டி எழுந்து ஓடும். 1981-ன் முதல் பயோஸ் உள்ள 5150 என்றால் இதற்கும் ரோமை மாற்றியாக வேண்டும், அந்த விதி தளரவில்லை. பீகிள்போன் என்ற கையளவுப் பலகையை வைத்து, எஸ்டி-412 போன்ற பழைய டிஸ்க்கின் காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவு செய்யும் கருவியும் வந்திருக்கிறது. எந்தக் கார்டில் ஃபார்மட் செய்திருந்தாலும், துடிப்புகள் கையில் வந்துவிட்டால் கார்டின் வேலையை மென்பொருளே செய்துகொள்ளும். தொலைந்த கார்டு இனி முடிவல்ல.

ஆகவே வீட்டுப் பரணிலோ அலுவலகத்தின் மூலையிலோ அந்தக் காலத்து டிஸ்க் ஒன்று கிடந்தால், சுழலுமா என்று பார்க்கும் ஆசையில் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். ஃபார்மட் செய்யவே வேண்டாம். அது எந்தக் கார்டோடு இருந்ததோ அந்தக் கார்டையும் கேபிள்களையும் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள், முதுகில் ஒட்டியிருக்கும் பழுதுச் சீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்தக் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பதிவெடுக்கச் சொல்லுங்கள். பத்து மெகாபைட் இன்று ஒரே ஒரு கைபேசிப் படத்தின் அளவாக இருக்கலாம். அன்று ஓர் அலுவலகத்தின் பல ஆண்டுக் கணக்கு அதற்குள் அடங்கியிருந்தது.